தண்ணீர் கொடுக்காத கை

அன்புள்ள அக்கா,

பினாயில் வாசனை வந்தாலே, அன்று உங்களிடம் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்துவிடுகிறது. "நம்ம கையால ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டாங்க. அவங்க ஊட்டுக்கு எதுக்குங்கக்கா போறீங்க?"

இன்று காலை என் அண்ணனின் படுக்கைச் சட்டியைக் கழுவும்போதும் அதே நினைவு. படுத்துவிட்ட அண்ணனுக்கு நான்தான் எல்லாம் செய்கிறேன். கஞ்சி மட்டும் அவர் மருமகள் ஊட்டினால்தான் அவருக்கு இறங்கும். இடுப்பு வலிக்கிறது அக்கா. மனமும் சலித்துவிட்டது.

ராசிபுரத்தில் நாம் இருவரும் மிஷன் பள்ளி ஆசிரியைகளாக இருந்தபோது நெசவாளர் தெருவில் வாந்திபேதி பரவியது. அங்கே செல்லம்மாள் என்ற நெசவுக்காரியின் கணவன் சேலை விற்கச் சேலம் போயிருந்தான். அவள் தறிக்குப் பக்கத்தில் தனியாகச் சுருண்டு கிடந்தாள். பயத்தில் தெருவே கதவடைத்திருந்தது. கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரை நீட்டினீர்கள். கண் குழிவிழுந்து, நாக்கு உலர்ந்த அந்த நிலையிலும் அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். வேதக்காரர் கையால் தண்ணீர் குடித்தால் தீட்டு என்பது அந்தத் தெருவின் வழக்கம்.

எனக்குக் கோபம் வந்தது. போய்விடலாம் என்றேன். நீங்கள் டம்ளரைக் கீழே வைத்தீர்கள்.

"அவளுக்கு வேண்டியது தண்ணி, கண்ணு. என் கை இல்ல."

அடுத்த வீட்டு ராமாயியின் கதவைத் தட்டினீர்கள். பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்த அசிங்கத்தைத் தொடமாட்டேன் என்று அவர் உள்ளிருந்தே மறுத்தார். அதற்கு மேல் ஒரு குத்தலும் வந்தது. "அப்பறம் உங்க வேதக் கோயிலுக்குக் கூப்புடுவீங்களாக்கும்?"

"இப்பத் தண்ணி ஊத்தத்தானுங்க கூப்புடறேன். மத்தது எதுவும் உங்க மேல படாம நான் பாத்துக்கறேன்."

கதவு திறந்தது. ராமாயி தன் வீட்டுத் தண்ணீரைக் காய்ச்சி, கரண்டி கரண்டியாக ஊற்றினார். செல்லம்மாள் குடித்தாள். நீங்கள் துணிகளை அள்ளிக் கொல்லையில் குழிவெட்டிப் புதைத்துச் சுண்ணாம்பு போட்டீர்கள். தரையைப் பினாயில் ஊற்றித் திரும்பத் திரும்பக் கழுவினீர்கள். பொழுது சாயும்போது அவளே தண்ணீர் கேட்டாள்.

கணவன் திரும்பியதும் தெருவே ராமாயியைப் புகழ்ந்தது. நீங்கள் செய்ததையும் சொல்லுங்கள் என்று உங்கள் முழங்கையை இடித்தேன். நீங்கள் சொன்னது இதுதான்: "ராமாயி அக்கா இல்லீன்னா செல்லம்மா பொழச்சிருக்காதுங்க."

அந்த ஞாயிறு கோயிலில், நோய் ஒட்டிவிடும் என்று உங்கள் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. சில நாளில் நோய் உங்களையும் படுக்கவைத்தது. எழுந்தீர்கள், ஆனால் நீங்கள் கண்மூடும்வரை பழைய பலம் திரும்பவில்லை.

இயேசு ஆண்டவர் தம் சீஷர்களின் கால்களைக் கழுவியதை ஒருமுறை வகுப்பில் சொன்னபோது, அவர்கள் நன்றி சொன்னார்களா என்று ஒரு பெண் கேட்டாள். சொன்னதாக எழுதியிருக்கவில்லை என்றேன். அந்தப் பதில் எனக்கும்தான் என்று அப்போது தெரியவில்லை. உங்களைப் போல முகம் கோணாமல் செய்ய இன்னும் வரவில்லை அக்கா. செய்துகொண்டிருக்கிறேன்.

இந்தக் கடிதம் இனி உங்களை வந்து சேராது; அதனால் இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டில் படுத்திருப்பவர் யார் கையால் குடிக்க விரும்புகிறாரோ, அவரிடம் கிண்ணத்தைக் கொடுங்கள். நீங்கள் சட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போங்கள்.