முகவரியில் நின்றுவிட்ட பெயர்

சிதம்பரத்திலிருந்து வந்த பேருந்து ஆலைகளைத் தாண்டும்போது இன்றும் அந்த நாற்றம் உள்ளே நுழைந்தது. எல்லோரும் கண்ணாடியை இழுத்து மூடினார்கள். தெரிந்த முகம் எதுவும் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். இந்த இடம் வந்தாலே இப்படித்தான், மூன்று வருடமாக.

நீ செத்து எட்டு மாதம் ஆகிறது. இந்தப் பயத்திலிருந்தும் நீதான் முதலில் தப்பித்தாய்.

நாம் இருவரும் சேர்ந்து எழுதிய வலைப்பூவில் தமிழில் தலைப்பு வைத்தால் கட்டுரையின் இணைய முகவரி முழுக்கச் சதவீதக் குறியும் எண்ணுமாக நீண்டுவிடும். யாருக்காவது அனுப்பினால் பாதியில் அறுந்து போகும். வழி கண்டுபிடித்தவன் நான். தலைப்பை முதலில் ஆங்கில எழுத்தில் அடித்துச் சேமித்தால் முகவரி அதிலிருந்து அமைந்துவிடும். பிறகு தலைப்பைத் தமிழுக்கு மாற்றினாலும் முகவரி மாறாது. "சூப்பர் மச்சான், இப்பத்தான் படிக்கிற மாதிரி இருக்கு" என்றாய். வெளியே நீயே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டாய். அது என் காதுக்கு வராது என்று நினைத்தாயா?

ஆலைக் கழிவுநீரை எங்கே திறந்துவிடுகிறார்கள் என்று, அங்கே வேலை பார்த்த ஏழுமலை முதுநகர் டீக்கடையில் நம்மிடம் சொன்னான்.

"எம்பேரு மட்டும் வந்துடக் கூடாது சார். ரெண்டு பொண்ணுங்க இருக்கு."

"வராதுப்பா. நாங்க என்ன சின்னப் பசங்களா?" என்றாய்.

மறுநாளே என்னிடம் காட்டாமல் அதைக் கட்டுரையாக வெளியிட்டாய். கட்டுரையில் அவன் பெயர் எங்கும் இல்லை. ஆனால் முதலில் உன் ஞாபகத்துக்காக 'ஏழுமலை சொன்னது' என்று ஆங்கில எழுத்தில் அடித்துச் சேமித்திருந்தாய். தலைப்பை மாற்றினாய், முகவரியை மறந்தாய்.

மூன்றாம் நாள் உனக்கு போன் செய்து, முகவரியில் அவன் பெயர் இருப்பதைச் சொன்னேன். "ஐயோ மச்சான், மாத்து, சீக்கிரம் மாத்து!" மாற்றினேன். அதற்குப் பிறகு போன் மணி அடித்தாலே எனக்கு உடம்பு தூக்கிப்போடும்.

பத்து நாள் கழித்து நாம் உன் வீட்டில் இருந்தபோது ஏழுமலை வந்தான். ஆலை அலுவலகத்தில் அவன் முன் போட்ட தாள் கையில் இருந்தது. நம் கட்டுரையை யாரோ அச்செடுத்திருந்தார்கள். தாளின் அடியில் இருந்த பழைய முகவரியில் தன் பெயரை விரல் வைத்துக் காட்டினான்.

"வேல போச்சு சார். படிச்சவங்கன்னு நம்புனேன்."

நீ தாளை வாங்கிப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். அவன் போனதும் "உன் ஐடியாதானே இது?" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்காக நீ சாகும்வரை உன்னோடு பேசவில்லை. உன் சாவுக்கும் தெருமுனை வரை வந்து திரும்பிவிட்டேன்.

உன்னிடம் சொல்லாதது ஒன்று உண்டு. வெளியான அன்று மாலையே நான் அந்த முகவரியைப் பார்த்துவிட்டேன். என்னைக் கேட்காமல்தானே போட்டாய், நீயே கண்டுபிடித்துத் தவி என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அப்படி அச்செடுத்த தாளில் முகவரியோடு அச்செடுத்த தேதியும் விழும்; அன்று நான் அதைப் பார்க்கவில்லை. நான் பார்ப்பதற்கு முன்பே எடுத்தது என்றால் நான் தப்பித்தேன். அந்த இரண்டு நாளில் எடுத்தது என்றால் அவன் வேலையைப் பறித்தது நான்.

நீ அந்தத் தேதியைப் பார்த்திருப்பாய். உன்னைக் கேட்டிருக்கலாம். ஏழுமலை வீடு எனக்குத் தெரியும், தாளையும் அவன் வைத்திருப்பான். போய்க் கேட்கத்தான் தைரியம் இல்லை.