பத்தாவது சீட்

ஜூலை 6, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில். மதியம் கோட்டை மலைப் பாறையின் சூடெல்லாம் நம் வீட்டுக்குத்தான் வருகிறதோ என்னவோ. கரண்ட் இரண்டு முறை போனது.

ஜார்ஜியா ஒயின், சாப்பாட்டு டூர். திட்டம் முடித்துப் பாண்டிச்சேரி ஆபீசுக்கு அனுப்பியாச்சு. செப். 26 முதல் அக். 4 வரை. திராட்சை அறுவடை வாரம். வாடிக்கையாளர்களுக்கு வேண்டியவை:

- தொப்பி, பழைய துணி (திராட்சைக் கறை போகாது)
- கின்காலி சாப்பிடும் முறை: கொழுக்கட்டை மாதிரி, உள்ளே கறியும் சாறும். குடுமியைப் பிடித்துத் தூக்கி, கடித்து, உறிஞ்ச வேண்டும். குடுமியைத் தின்னக்கூடாது.
- ஒயின் டீ நிறத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம். பானையைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, தோலோடு ஊறவைப்பதால் அந்த நிறம்.

இதெல்லாம் எழுதுபவள் இதுவரை ஒரு சொட்டு ஒயின் குடித்ததில்லை. ‘உலர்ந்த பாதாமி மணம்’ என்று எழுதியிருக்கிறேன். பாதாமியை, அந்த ஆப்ரிகாட் பழத்தை, எங்கே கண்டேன்.

மேடம் போனில்: “கோமதி, வேன்ல பத்து சீட்டு. ஒம்போது பேர் சேந்துட்டா பத்தாவதுல நீ போற, டூர் மேனேஜரா. பத்தும் வித்துட்டா அங்க இருக்கற கைடே போதும். ஒம்போதுக்குக் கொறைஞ்சா டூரே இல்ல. சரியா?”

சரி என்றேன்.

எட்டும் கூடாது, பத்தும் கூடாது. ஒன்பது.

ஜூலை 8, புதன்

மூன்று விசாரணை, ஒரு புக்கிங். கோவை டாக்டர் தம்பதி. மொத்தம் 2.

பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். வாங்கி ஒன்பது வருஷம். அடுத்த வருஷம் காலாவதி. ஒரு பக்கத்திலும் முத்திரை இல்லை, புது நோட்டு வாசனைகூட அப்படியே. இத்தனை வருஷமாக எத்தனை குழுக்களுக்கு டிக்கெட், விசா, ஓட்டல், மழை வந்தால் மாற்று ஏற்பாடு. நாற்பத்தோரு வயது. நான் போன தூரம் திருப்பதி.

சாயங்காலம் வழக்கம்போல் ஜார்ஜியாவில் தோட்டக்கார மனானா வீட்டுத் தெருவில் ஒரு நடை. போன் மேப்பில்தான். நீலக் கதவு, பிளம் மரம், வெயிலில் படுத்திருக்கும் நாய். மூன்று வருஷமாக அந்த நாய் எழுந்திருக்கவே இல்லை. படம் எடுத்த வண்டி மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை போலும்.

நைனா எட்டிப் பார்த்தார். “இன்னா, அந்த ஊருக்குப் போய்ட்டியா? சாம்பார் தீயுது பாரு.”

தீய்ந்துதான் போயிருந்தது.

ஜூலை 10, வெள்ளி

மனானாவிடமிருந்து வா.மெ. (வாய்ஸ் மெசேஜ். முழுசாக எழுதக் கை வலிக்கிறது.) அவர்தான் நம் குழு தங்கப்போகும் திராட்சைத் தோட்டத்துக்காரி. அறுபது வயது இருக்கும். அவர் பாஷையில் பேசுவார், மகள் பின்னாலிருந்து ஆங்கிலத்தில் சொல்வாள். இன்று கேட்டது: “உங்கள் ஊரில் என்ன விளையும்?” நெல், வேர்க்கடலை (எங்கள் மல்லாட்டை) என்றேன். “உன் குரலைக் கேட்டால் நீ உயரமானவள் என்று தோன்றுகிறது.” ஐந்தடியைச் சொல்லவில்லை.

தோட்டத்துப் படத்தை நைனாவிடம் காட்டினேன். சிங்கவரத்து நிலத்தில் ஐம்பது வருஷம் பயிர் வைத்தவர், முதலில் பார்ப்பது மண்ணைத்தான். “செம்மண்ணு மாதிரி இருக்குது. மல்லாட்ட போட்டா நல்லா வரும்.” அப்புறம், “எல்லாம் குடிக்கறதுக்கா?” என்றார். ஆமாம் என்றேன். “எவ்ளோ நெலம்” என்று உச்சுக்கொட்டினார்.

அண்ணா நகர் தம்பதி, திருச்சி அம்மாவும் மகளும். மொத்தம் 6.

பாண்டிச்சேரியில் தெருவுக்கு நாலு கடை. ஒரு பாட்டில் வாங்கி ருசி பார்ப்பது பெரிய காரியமில்லை. வேண்டாம். முதல் வாய் அங்கேதான், அந்தப் பானையிலிருந்து. இன்று பஜாரில் பன்னீர் திராட்சை கால் கிலோ. தோலோடும் கொட்டையோடும் மென்றேன். துவர்ப்பு. இதைத்தான் ‘டானின்’ என்று எழுதிக்கொண்டிருந்தேனோ.

ஜூலை 14, செவ்வாய்

அமாவாசை. மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள் வரிசையாக, ரோட்டைத் தாண்டப் பத்து நிமிஷம். பால் வாங்கப் போனவள் பாதி வழியில் போனை எடுத்தேன். வேலூர் நண்பர்கள் மூன்று பேர், மூன்றும் உறுதி.

6 + 3 = 9.

ரோட்டில் நின்றுகொண்டே சிரித்திருக்கிறேன். பஸ் கண்டக்டர் ஒருவர், “மலையனூராம்மா? ஏறு ஏறு” என்றார்.

ஜூலை 15, புதன்

நைனாவிடம் சொன்னேன். எதிர்வீட்டில் தம்பியும் அவன் பெண்டாட்டி சுமதியும் இருக்கிறார்கள், சாப்பாட்டுக்குக் குறையில்லை. “போய்ட்டு வாம்மா” என்று உடனே சொல்லிவிட்டார். அப்புறம் தேதி கேட்டார். சொன்னேன்.

“அது பொரட்டாசி ஆச்சே. மூணாவது சனிக்கெழம பெருமாள் கோயிலுக்கு என்கூட யாரு மலையேறுவாங்க?”

சுமதி வருவாள் என்றேன். சொல்லிவிட்டு, எழுந்து காலண்டரைப் புரட்டினேன்.

புரட்டாசி.

கறி, கின்காலி, வறுத்த பன்றி, ஒன்பது நாளும் ஒயின். ஒன்பது பேரில் ஏழு பேர் நம் வீட்டைப் போலவே விரதம் பிடிக்கும் குடும்பங்கள். வாட்ஸ்அப் படத்தில் நெற்றியைப் பார்த்தாலே தெரியும். இந்த வீட்டில் புரட்டாசி பிறந்தால் முட்டைகூட உள்ளே வராது. நாற்பத்தோரு வருஷமாக அப்படித்தான். அந்த ஊர் காலண்டரையே பார்த்துப் பார்த்துத் தேதி வைத்தவள், தன் தலைக்கு மேல் தொங்கும் காலண்டரைப் பார்க்கவில்லை.

மேடத்திடம் சொல்ல வேண்டும். சொன்னால் தேதி மாறும். தேதி மாறினால் அறுவடை இல்லை.

சொல்லவில்லை.

ஜூலை 18, சனி

ஆடி பிறந்தாச்சு. ரேஷன் கடையில் நீளமான க்யூ. வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் தொப்பி பற்றியே பேசுகிறார்கள். பேசட்டும்.

ஜூலை 21, செவ்வாய்

முடிந்தது. காலை 9.10, அண்ணா நகர் அம்மா: “மாமியார் காலண்டர் பாத்துட்டாங்க. அது புரட்டாசியாமே??”

அப்புறம் மழைபோல்.

வேலூர் 1: ஒயின் வெறும் பழச்சாறுதானே, தப்பில்லையே?
வேலூர் 2: மட்டன் இல்லாம அவ்ளோ தூரம் போய் என்னடா பண்றது?
வேலூர் 3: கும்பிடு போடும் கை, நாலு.
திருச்சி மகள்: வெஜ் கின்காலி கிடைக்குமா? (கிடைக்கும். காளான். யாரும் காதில் வாங்கவில்லை.)

மதியத்துக்குள் ஏழு பேர் விலகல். டாக்டர் தம்பதி மட்டும் பாக்கி. 9 – 7 = 2.

மேடம் கத்தவில்லை. அதுதான் கஷ்டம். “எங்க வீட்ல பொரட்டாசிக்கு முட்ட கூட ஒடைக்க மாட்டோம்னு நீதானே என்கிட்ட சொன்ன. உனக்கே தோணலயா?”

தோன்றி ஆறு நாளாகிறது என்பதை மட்டும் விட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்டேன்.

“ஐப்பசிக்கு மாத்து. ஆகஸ்ட் நாலாந்தேதி அஞ்சு மணிக்குள்ள லிஸ்ட்டு வேணும். இல்லன்னா விட்டுடலாம்.”

சாப்பிடவில்லை. அழவும் இல்லை. கோபம்தான். யார்மேல் என்று தெரியவில்லை.

ஜூலை 23, வியாழன்

மனானாவுக்கு எழுதினேன். புதுத் தேதி அக். 20 முதல் 28. காரணத்தைப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. பதில் வா.மெ.: “அப்போது கொடியில் இலைதான் இருக்கும்.”

ஆக, மண்ணுக்குள் பானை இருக்கும், சாப்பாடு இருக்கும், அறுவடைக்கு ஆடிப்பாடி முடித்தவர்கள் இருப்பார்கள். திராட்சை இருக்காது. எனக்குக் குடிப்பதுகூட இரண்டாம்பட்சம். ஒரு குலையை என் கையால் வெட்டிக் கூடையில் போட வேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 25, சனி

இரண்டு நாள் கழித்து மறுபடி மனானா. “வீட்டுக்குப் பின்னால் இரண்டு வரிசை பறிக்காமல் விடுகிறேன். மழையும் பறவையும் விட்டுவைத்தால் உங்களுக்கு.”

நைனாவுக்கு மொழிபெயர்த்தேன். கயிற்றுக்கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். “வெளஞ்சத செடியில உடறது லேசு இல்ல. ஒரு மழ வந்தா அழுவிடும். யாருன்னே தெரியாதவங்களுக்கு உடறாங்க பாரு.” பிறகு, “அந்தம்மாவுக்கு நம்ம மல்லாட்ட ஒரு பை எடுத்துனு போ.”

ஆகஸ்ட் 1, சனி

ஒரு வாரமாக போன், போன், போன். தொண்டை கட்டிவிட்டது. சுமதி மிளகுக் கஷாயம் கொண்டுவந்தாள். “அண்ணி, நீங்க ஒயினு விக்கிறீங்களா, சாமிக்கு வேண்டுதல் வெக்கிறீங்களா?” என்றாள். இரண்டும்தான்.

வேலூர் மூன்று பேரும் திரும்பி வந்தார்கள். அண்ணா நகரும். 7.

ஆகஸ்ட் 3, திங்கள்

மாலை ஆறுக்கு திருச்சி மகள்: “அம்மா ஓகே சொல்லிட்டாங்க.”

9.

யாரிடமும் சொல்லவில்லை. சூட்கேஸ் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவலூர்பேட்டையில் தம்பிக்குத் தெரிந்த கடை ஒன்று இருக்கிறது.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

மேகமூட்டம், மழை இல்லை. காலையிலிருந்து போனையே பார்த்தபடி. ஐந்து மணிவரை யாரும் கூப்பிடக் கூடாது. டூர் விற்கிறவள் வேண்டுகிற வேண்டுதலா இது.

4.20. புது நம்பர். வந்தவாசியிலிருந்து ஓர் அம்மா. ரிடையர்டு நர்ஸாம்.

“அம்மா, அந்தத் திராட்ச டூரு... ஒரு சீட்டு இருக்குதாம்மா? நான் குடிக்கல்லாம் மாட்டேன். பறிக்க உடுவாங்களாமே. அதுக்குத்தான். முப்பது வருசம் வார்டுலயே போச்சும்மா. பாஸ்போர்ட்டு எடுத்து வெச்சினு இருக்கறேன், ஒரு எடமும் போவல.”

மணியைப் பார்த்தேன். அவர், “ஹலோ, லைன்ல இருக்கியாம்மா?” என்றார்.

ஃபுல் ஆகிவிட்டது என்றேன். பத்தும் ஃபுல். அதோடு நின்றிருக்கலாம். நேற்றுக் கூப்பிட்டிருந்தால்கூட ஒன்று இருந்தது என்றும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

“பரவால்லம்மா. நான் எப்பவுமே லேட்டு” என்று சிரித்தார். வைக்கும் முன், நல்லா இரும்மா என்றார்.

லிஸ்ட். ஒன்றிலிருந்து ஒன்பதுவரை பெயர், பாஸ்போர்ட் எண், சாப்பாட்டு விவரம். பத்தாவதில் என் பெயர். அடித்து முடித்தபோது 4.50. அனுப்பிவிட்டேன். மேடத்திடமிருந்து ஒரு கட்டைவிரல்.

அந்த அம்மாவின் நம்பர் போனில் மேலேயே இருந்தது. ஐந்துக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. கூப்பிடவில்லை.