மூக்குக் கண்ணாடிக்கு வரி இல்லை

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணா,

உத்தரவு வந்துவிட்டது. விதைப் பரிசோதனைப் பயிற்சிக்கு ஆறு வாரம் வெளிநாடு. எங்கள் ஆய்வகத்திலிருந்து போகும் முதல் ஆள் நான்தான். தலைமை எழுத்தர் ஒரு கட்டுப் படிவத்தை மேசையில் வைத்து, "தப்பு வந்தா பயணமே போயிடும்மா" என்று சிரிக்காமல் சொல்கிறார். விமான நிலையச் சுங்கத்தில் பத்து வருஷமாகப் பெட்டி திறக்கும் அண்ணன் இருக்கும்போது அவரிடம் கேட்பானேன்?

வெளிநாட்டுப் பணத்தை எங்கே மாற்றுவது? வளையலைக் கழற்றிவிட்டுப் போக வேண்டுமா? அங்கே யாராவது அன்பளிப்பு கொடுத்தால் அரசு ஊழியர் வாங்கலாமா?

ஃபோனில் கேட்டால் உன் பக்கத்திலிருந்து அம்மா எல்லாவற்றுக்கும் "எதுக்கு?" என்பாள். எழுதியே அனுப்பு.

சுண்டெலி

பிப்ரவரி 16

அன்புள்ள சுண்டெலிக்கு,

பணத்தை வங்கியில் மட்டும் மாற்று, ரசீதைத் தொலைக்காதே. வளையலைப் போகும்போதே சுங்க மேசையில் காட்டிச் சான்று வாங்கிக்கொள். இல்லாவிட்டால் திரும்பும்போது அங்கே வாங்கியதா என்று என்னைப் போல ஒருவன் உயிரை எடுப்பான்.

அன்பளிப்பை நெருங்கிய உறவினர் கொடுத்தால் வாங்கலாம். திரும்பியதும் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மற்றவர்கள் கொடுத்தால் முன் அனுமதி வேண்டும். அது சரி, உனக்கு அங்கே அன்பளிப்பு கொடுக்க யார் இருக்கிறார்கள்? பெட்டி திறப்பவனுக்கு அடியில் என்ன மடித்து வைத்திருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது.

அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

கோபப்படாமல் படி. அப்பாவைப் பார்த்தேன்.

உத்தரவில் ஊர்ப் பெயரைப் பார்த்த அன்றே, அவர் கடைசியாகப் போட்ட கடிதத்தின் உறையை எடுத்து வைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகும் அதே தெரு, அதே கண்ணாடிப் பட்டறை. சக்கரத்தின் முன் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் சக்கரத்தை நிறுத்தினார். கையை இரண்டு முறை துடைத்தார். "சாப்பிட்டியா?" என்றார்.

இங்கே ஒருத்தியுடன் ஏழு வருஷம் இருந்தாராம். பிறகு அவளும் போய்விட்டாளாம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

என் வேலையைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டார். முளைக்காத விதையை எதை வைத்துச் சொல்வாய் என்று. மறுநாள் போனால் எனக்கென்று ஒரு கைலென்ஸ் தேய்த்து வைத்திருந்தார். அன்பளிப்புப் படிவத்தில் 'கொடுத்தவருக்கும் உமக்கும் உள்ள உறவு' என்று ஒரு கட்டம். என்ன எழுத?

இன்னொன்று. "உங்க அண்ணன் நல்ல அதிகாரி" என்றார். உன் வேலையை நான் அவரிடம் சொல்லவே இல்லையே?

சுண்டெலி

மார்ச் 17

அன்புள்ள சுண்டெலிக்கு,

'தந்தை' என்று எழுது. உள்ளதை எழுதினால் எந்தப் படிவமும் திரும்பி வராது. இதை எல்லோருக்கும் சொல்லும் நான் நாலு வருஷமாக ஒன்றை மறைத்திருக்கிறேன்.

அது மதிய விமானம். என் மேசைக்கு ஒரு பழுப்புப் பெட்டி வந்தது. கடவுச்சீட்டில் அப்பாவின் பெயரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், அவர் என் சட்டையிலிருந்த பெயர்ப்பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறிவிக்க வேண்டியது ஏதாவது இருக்கா?" எல்லோரிடமும் கேட்பதுதான்.

"ஒண்ணும் இல்ல சார்."

சார் என்றார். பெட்டியைத் திறந்தேன். இரண்டு சட்டை, ஒரு துண்டு, ஓரத்தில் பெண்கள் போடும் மூக்குக் கண்ணாடி, புதியது. அதற்கு வரி கிடையாது, கேட்க வேண்டியதே இல்லை. ஆனாலும், "இது யாருக்கு?" என்றேன்.

"வீட்டுக்கு."

எந்த வீடு என்று கேட்க விதியில் இடமில்லை. பெட்டியில் சாக்பீஸ் குறி போட்டு அனுப்பிவிட்டேன். அன்று சாயங்காலம் வாசலில் வந்து நிற்பாரோ என்று பயந்தேன். வரவில்லை. அதுவும் பிடிக்கவில்லை.

கோபதாபமெல்லாம் அப்புறம். அந்தக் கண்ணாடி யாருக்கு? கேட்டு எழுது.

அண்ணன்

மார்ச் 25

அன்புள்ள அண்ணா,

கேட்டேன். இழுப்பறையைத் திறந்து எடுத்தே காட்டினார். அம்மாவுக்காம். அவர் கிளம்பிய வருஷம் அம்மாவுக்குப் பார்த்த பவர் மனப்பாடமாம், அதை வைத்தே தேய்த்தாராம்.

அந்தத் தடவை நம் தெருவுக்கு வந்திருக்கிறார், அண்ணா. மூன்று நாள் எதிர்ப்பக்கம் வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறார். "பையன் யாரோ மாதிரி கேட்டான். நானும் சாருன்னுட்டேன். அப்புறம் எந்த முகத்தோட கதவத் தட்டறது?" என்றார்.

பாவம் என்று எழுத மாட்டேன். விட்டுப் போனவர் அவர்தான். ஆனால் கண்ணாடியைக் கொடுத்தனுப்பவா என்கிறார். வாங்கி வரவா?

சுண்டெலி

ஏப்ரல் 2

அன்புள்ள சுண்டெலிக்கு,

உன் கடிதத்தை அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். கையை எட்ட நீட்டிப் பிடித்தும் அவளுக்கு எழுத்து தெரியவில்லை. நான்தான் வாசித்தேன். நான் மறைத்ததையும் சேர்த்துச் சொன்னேன். துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்: "அவருக்குத் தண்ணிகூட குடுக்கலையாடா?"



மறுநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். கண் டாக்டரிடம் போக வேண்டுமாம். இரண்டு வருஷமாக நான் கெஞ்சியும் வராதவள். டாக்டர் எழுதிய சீட்டைப் பேருந்து நிறுத்தத்தில் என் கையில் கொடுத்தாள்.

"அந்தப் பழைய பவரெல்லாம் இனிமே எனக்கு ஒத்துவராது. செஞ்சு குடுக்கறதா இருந்தா இதப் பாத்து செய்யச் சொல்லு."

சீட்டை இதனுடன் வைத்திருக்கிறேன். இடது கண்ணுக்கான எண்ணை நிறுத்தி, இரண்டு தடவை வாசித்துக் காட்டு. அவர் பாட்டுக்கு மனப்பாடத்தில் தேய்த்துவிடப் போகிறார்.

அண்ணன்