போன்ஜூர் சொல்லிவிட்டுக் கேளுங்கள்

என் வீட்டுக்காரருக்கு,

'அன்புள்ள' என்று போட இன்று கை வரவில்லை.

நேற்று ரொட்டிக்கடைக்கார அம்மா, "இங்கே வேலைக்கு வர்றியா?" என்று என்னைப் பார்த்துத்தான் பிரெஞ்சில் கேட்டார். நீங்கள் முந்திக்கொண்டு, "அவளுக்கு உடம்பு முடியாது" என்றீர்கள். வெளியே வந்ததும், "ரொட்டி நல்லா இருக்கான்னு கேட்டாங்க" என்று வாய் கூசாமல் என்னிடம் சொன்னீர்கள்.

எனக்கு உடம்புக்கு என்ன? கல் மாதிரி இருக்கிறேன்.

"உனக்கெதுக்கு பிரெஞ்சு, நான் இருக்கேன்ல" என்று சொல்லியே என்னை வகுப்புக்கு அனுப்பவில்லை. மாடிவீட்டு நர்ஸ்தான் துணி துவைக்கும் அறையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். கடைக்குள் நுழைந்ததும் 'போன்ஜூர்' என்று வணக்கம் சொல்லாமல் எதையும் கேட்கக் கூடாது என்பதுதான் முதல் பாடம். நீங்கள் நுழையும்போதே "ரெண்டு ரொட்டி" என்பீர்கள். அவர்கள் முகம் சுளித்தால், "திமிர் பிடிச்சவங்க" என்பீர்கள். திமிர் யாருக்கு?

இன்று காலை நானே போய்ப் பேசிவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து அந்தக் கடையில் நான்தான் நிற்பேன். ரொட்டி வாங்க வந்தால் முதலில் 'போன்ஜூர்' சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்குப் பின்னால் நிற்பவரைத்தான் கவனிப்பேன்.

இப்படிக்கு,
உடம்பு முடியாதவள்