காத்தாயியின் ரப்பர் பலகை

12.2.1972

அன்புள்ள மாமாவுக்கு, கண்ணாத்தாள் எழுதுவது. உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? திருச்சி ஜெயிலில் வெந்நீர் கேட்டால் கொடுக்கிறார்களா? உங்களை உள்ளே தள்ளிய கூலித் தகராறு இங்கே இன்னும் தீரவில்லை. அறுப்பு பாதியில் நிற்கிறது.

பார்வையில்லாத நம் மகள் படம் வரைய நீங்கள் தொடங்கிய பலகையை நான் செய்து முடித்தேன். நூல் ஒட்டிப் பார்த்தேன், நகர்ந்துவிட்டது. களிமண் காய்ந்து உதிர்ந்தது. கடைசியில் நம் சைக்கிள் கடையில் கிடந்த பழைய டியூபைப் பிளந்து, பலகைமேல் இழுத்து ஆணியடித்தேன். அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்தினால் கோடு புடைத்து எழுகிறது. காத்தாயி ஒரு கையால் தடவிக்கொண்டே மறு கையால் அடுத்த கோட்டை இழுக்கிறாள். முதலில் வரைந்த ஆட்டுக்குட்டிக்கு ஐந்து கால். தடவி எண்ணிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு நம் தெரு, வாய்க்கால், பண்ணையார் வீடு என்று, தான் நடந்த வழியெல்லாம் வரைந்தாள்.

செவ்வாய்க்கிழமை வீட்டைச் சோதனை போட்ட போலீசாரிடம் அந்தத் தாள் சிக்கிவிட்டது. பண்ணையார் வீட்டைத் தாக்க நீங்கள் போட்டுவைத்த வரைபடம் என்று சொல்லி, பலகையோடு எடுத்துப் போனார்கள். உங்கள் வழக்கில் இதையும் சேர்ப்பார்களோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே காத்தாயியை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன்.

"கண்ணு தெரியாத புள்ள வரையுமா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"பலகையக் குடுத்துப் பாருங்கய்யா" என்றேன்.

காத்தாயி அவருடைய மேசையைத் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே வரைந்தாள். உடைந்த மூலையைக்கூட விடவில்லை. இன்ஸ்பெக்டர் தாளைத் தன் விரலால் தடவினார். அந்தப் படத்தை வழக்கில் சேர்க்க மாட்டேன் என்று சொல்லி, பலகையையும் திருப்பிக் கொடுத்தார். எனக்கு உயிர் வந்தது, ஒரு நிமிஷம்.

"இவ்வளவு ஞாபகம் இருக்கே பாப்பா. உங்க வீட்டுக்கு யார் யார் வந்து போனாங்கன்னு குரல வச்சே சொல்லிடுவியே" என்றார்.

காத்தாயி என் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். திங்கட்கிழமை மறுபடி கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்.

அவள் கெட்டிக்காரி என்று அவர்களுக்குக் காட்டியது நான்தான் மாமா. அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்பே வேறு சிலர் படிப்பார்கள் என்று தெரியும். காத்தாயிக்கு உடம்பு சரியில்லை. வைத்தியத்துக்கு அனுப்பியிருக்கிறேன். பலகையும் அவளோடு போயிருக்கிறது. திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு நான் மட்டும் போவேன்.

நீங்கள் தைரியமாக இருங்கள். பதிலில் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று மட்டும் கேட்டு எழுதிவிடாதீர்கள்.

உங்கள் மனைவி,
கண்ணாத்தாள்