எட்டு வரிகளின் மேல் ஒட்டிய தாள்

ஹெனான் மாகாணம், சீனா
18 ஜனவரி 1965

அன்புத் தங்கை பெய்லானுக்கு,

உன் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்ற நினைப்போடு அக்கா எழுதுவது.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கோதுமைப் பசை காய்ச்சினேன். கஞ்சிகூட அப்புறம்தான். என் நாடகத்தில் எட்டு வரிகளின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி மறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒட்டினேன். ஈரம் காய்வதற்குள் உரித்தேன். மறுபடி ஒட்டினேன்.

கூட்டுப்பண்ணை தொடங்கிய வருடம் ஒரு விதவை தன் ஒரே மாட்டைப் பண்ணைக்குக் கொடுக்கிறாள். மனமுவந்துதான். கயிற்றைக் கைமாற்றும்போது அழுகிறாள். அவ்வளவுதான் அந்த எட்டு வரிகள். எங்கள் நாடகக்குழுச் செயலாளர் தோழர் டூ, "அழுதா இஷ்டமில்லாம குடுத்தான்னு ஆயிடும் தோழர். சிரிக்க வைங்க" என்கிறார். விதவையாக நடிக்கும் சியூஃபான் மூன்று நாளாகச் சிரித்துப் பார்க்கிறாள். "பல்லுதான் தெரியுது அக்கா, சிரிப்பு வரல. மாடே மிரண்டு ஓடிரும்" என்கிறாள்.

வழக்கப்படி கிராமத்துக்குப் போய் வாசித்துக் காட்டினோம். பெண்கள் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்கள். முடிந்ததும் தோழர் டூ, விதவை அழலாமா என்று கேட்டார். கூடாது என்று எல்லாக் கைகளும் உயர்ந்தன. அந்த ஈரக் கைகளை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதியவள் நான்தான். திரும்பும் வழியில் வண்டிக்காரர் கோங் மெதுவாகச் சொன்னார்: "கூட்டத்துல கேட்டா அப்படித்தான் கை தூக்குவோம், வாத்தியாரம்மா. என் மாட்டக் கொண்டுபோய் விட்ட அன்னிக்கு வீட்டுக்கே போகல. ஆத்தங்கரையில உக்காந்து அழுதேன். மறுநாள் பண்ணை வேலைக்கு முதல் ஆளா நின்னதும் நான்தான்."

இரண்டையும் செய்தது ஒரே மனிதர். பண்ணையை அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். சிரிக்கிற விதவையைத்தான் நம்ப முடியவில்லை.

பக்கத்து ஊர்க் குழுவில் ஒருவர் இப்படிப் பிடிவாதம் பிடித்தார். இப்போது அவரைச் செங்கல் சூளை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். பள்ளியில் அவர் மகள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லையாம்.

யின்யினிடம்தான் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். தகப்பன் இல்லாத பிள்ளையைப் பெற்றவளே புத்தாண்டுக்கு வெளியூர் அனுப்புவாளா என்று நீ திட்டுவாய். திட்டு. அவள் பஞ்சுச் செருப்பைக் கொஞ்சம் பெரிதாகவே தைத்திருக்கிறேன், அடுத்த குளிருக்கும் ஆகும். குளித்தால் தலையைத் துவட்ட மாட்டாள், நீ பார்த்துக்கொள். விடுமுறை முடிந்ததும் அவசரப்பட்டுத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

அவளை ரயில் ஏற்றிவிட்டு வந்து, அச்சுப் பிரதிக்கான மெழுகுத்தாளில் நாடகத்தை என் கையால் எழுத வேண்டும். அதில் இருப்பதுதான் மாவட்ட விழாவில் மேடையேறும். அந்த எட்டு வரிகளையும் எழுதப் போகிறேன். அடியில் 'குழுவின் கூட்டு ஆக்கம்' என்று போடாமல் என் பெயரை மட்டும் போடுவேன். சியூஃபானுக்குக்கூட இது தெரியாது.

பிள்ளையை உன் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொள்.

உன் அக்கா,
யுன்சிங்