கிணற்றுத் தண்ணீரில் இரண்டு டிகிரி

மார்ச் 2, 1958. ஞாயிறு
காலையிலிருந்தே வெயில். நாளை ஐந்தாம் படிவத்துக்குச் செய்துகாட்ட, பாசாரில் ஆட்டீரல் வாங்கி அரைத்து வடிகட்டி ஐஸில் வைத்தாயிற்று. ஈரலில் உள்ள நொதி பெராக்சைடை உடைக்கும். உடையும்போது சூடு வரும். பள்ளியில் கலோரிமீட்டர் இல்லை. தெர்மாஸும் வெப்பமானியும் போதும். வீட்டில் ஒத்திகை. எட்டு டிகிரி ஏற வேண்டும். ஏறியது இரண்டு. ஈரல் கெட்டுவிட்டதோ?
வீட்டுக்காரி சரோஜாவுக்கு மறுபடி தலைவலி, தலைசுற்றல். சமைக்காமல் படுத்துவிட்டாள்.
வாங்க: மாத்திரை, சவுக்காரம், வெங்காயம்.

3, திங்கள்
பள்ளியில் அதே ஈரல் சாறு, குழாய்த் தண்ணீர்: எட்டு. ஒரு பங்கை அறுபது டிகிரியில் பத்து நிமிடம் வைத்த பிறகு: ஒன்றுகூட இல்லை. சூட்டில் நொதி செத்துவிடும் என்று மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். என் மனம் அங்கே இல்லை. ஈரல் கெடவில்லை. அப்படியானால் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்.

4, செவ்வாய்
மழை வரும்போல் இருந்தது, வரவில்லை. கிணற்று நீர், பச்சையாக: இரண்டு. கொதிக்கவைத்து ஆறியது: எட்டு. மூன்று முறை பார்த்தேன். எதுவோ நொதியைப் பிடித்துக்கொள்கிறது; கொதித்தால் ஆவியாகிவிடுகிறது. ஜன்னலைத் திறந்து பார்த்தேன்.
பின்னால் புது மரவள்ளி மாவு மில். அதன் கழிவு வாய்க்கால் கிணற்றை ஒட்டித்தான். மரவள்ளியில் என்ன விஷம் என்று எனக்குத் தெரியும். சயனைட். எழுதவே பிடிக்கவில்லை.
பகலெல்லாம் நான் குடிப்பது பள்ளிக் குழாய். மில் வந்த ஒரு மாதமாகச் சரோஜா குடிப்பது இதை.

5, புதன்
சரோஜாவை பத்து பெரெண்டாம் ஊரில் அவள் அண்ணன் வீட்டில் விட்டேன். இங்கே ஐந்து வீட்டுக்கும் ஒரே கிணறு. காய்ச்சிக் குடிக்கும்படி பக்கத்து வீட்டு முனியம்மாவிடம் சொன்னேன்.
"காச்சுன தண்ணி தாகத்த அடக்காது சார். எங்களுக்கு ஒன்னும் ஆவலயே."
சொல்லும்போதே நெற்றியை அழுத்திக்கொண்டாள்.
மில்லில் கணக்கெழுதும் கிராணி உட்காரச் சொல்லவில்லை. தெர்மாஸை வைத்துக்கொண்டு முதலாளி தௌக்கே மேல் பழி போடாதே என்றார்.

7, வெள்ளி
என் புகாரின்பேரில் சுகாதார இலாகா ஆள் வந்தார். கிணற்று நீரைப் போத்தலில் பிடித்து, மூடிக்குப் பதில் காகிதம் சுருட்டி அடைத்தார். சைக்கிள் கூடையில், வெயிலில். கோலாலம்பூர் போய்ச் சேர நாலு நாள். இறுக்கி மூடுங்கள், விஷம் பறந்துவிடும் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.
சரோஜாவுக்குத் தலைவலி விட்டுவிட்டதாம்.

22, சனி
இலாகாவின் கடிதம் வந்தது. தாளில் பழைய வெள்ளைக்காரக் கிரீடம், அதன் மேல் மைக்கோடு. குடிக்கத் தகுந்த நீர்.
மாலையில் நானே மறுபடி: ஒன்றரை. முன்பைவிட மோசம்.

23, ஞாயிறு
விடிந்ததும் கிணற்றுக் கயிற்றைத் துண்டு துண்டாக அறுத்தேன். யோசிக்கவில்லை. ஐந்து வீட்டாரும் வாசலில் நின்று பார்த்தார்கள். கிட்டே வந்தது முனியம்மா மட்டும்.
"சர்க்காரே நல்ல தண்ணின்னு எழுதிக் குடுத்திருச்சி. நீங்க யாரு சார்?"
புதுக் கயிறு வாங்க, தெங்கேரா கடைத்தெருப் பக்கம் நடக்கிறாள்.